சித்திரைப் பௌர்ணமியும் கழனித் தொட்டியும்

ஒரு காலத்தில் என் சொந்த வீட்டுப் புறவாசலில், என் சொந்தக் கையால், தொட்டி நிறையச் சிப்பியைப் போட்டு அழுகவைத்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நாங்கள் சைவம். எங்கள் தெருவுக்குள் முட்டைகூடக் கூடையை மூடிக்கொண்டுதான் வரும். அந்தத் தெருவில், தங்கச்சியைப் பெண் பார்க்க ஆள் வரப்போகிற சமயத்தில் இதைச் செய்தேன். செய்தவனுக்கு அப்போது ஒரு கப்பல் ஏஜென்டு ஆபீசில் நாற்காலி, நெற்றி நிறையத் திருநீறு, இங்கிலீஷில் கடிதம் எழுதுவான் என்ற பெயர் எல்லாம் இருந்தன. இன்று தலை பாதி நரைத்துவிட்டது, வயிறு முழுதாக முன்னால் வந்துவிட்டது. ஆனாலும் சிப்பி என்று எழுதும்போதே அடித்தொண்டையில் ஏதோ புரளுகிறது. கொஞ்சம் இருங்கள், ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

தூத்துக்குடிக் கடலில் அந்தக் கோடையில் சலாபம் நடந்தது. சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. நினைத்தபோதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை அது. கடலுக்கடியில் சிப்பி முற்றியிருக்கிறது என்று சர்க்கார் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. சில சமயம் ஒரு தலைமுறையே சும்மா காத்திருக்கும். அதனால் சலாபம் என்று வந்துவிட்டால் ஊருக்கே பித்துப் பிடித்துவிடும். குளியாளிகள் முங்கி எடுத்துக் கொண்டுவருகிற சிப்பியில் பெரும்பங்கு ஏலத்துக்குப் போகும். மிச்சம் குளியாளியின் பங்கு. அதை அவர்கள் கடற்கரையில் சர்க்கார் போட்ட முகாமின் வேலிக்கு வெளியே வைத்து, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் விற்பார்கள்.

மூடின சிப்பியை மூடினபடியே விற்பார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்று விற்கிறவனுக்கும் தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது. லாட்டரிச் சீட்டுக்கு உயிர் இருந்து, அது செத்து, வெயிலில் கிடந்து நாறினால் எப்படி இருக்கும்? அதுதான் சிப்பி.

எனக்குத் தெரிந்த குளியாளி ஒருவர் இருந்தார். மற்ற மாதங்களில் துறைமுகத்துத் தோணிகளில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர், ஆகவே ஆபீஸ் வாசலில் அடிக்கடி பார்த்துப் பழக்கம். ஒரு சாயங்காலம் வேடிக்கை பார்க்கப் போனவனை வேலி ஓரத்தில் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, வேணுமா? என் பங்குல கொஞ்சம் தாரேன்."

"நாங்க சைவம் அண்ணாச்சி."

"உன்னைத் திங்கவா சொன்னேன்? அழுகப் போட்டு அலசணும், அம்புட்டுதான். மாதா சத்தியமாச் சொல்லுதேன், ஒத்தச் சிப்பில முத்து எடுத்து ஓட்டு வீட்டை மச்சு வீடாக்குனவன் இங்கன இருக்கான்."

"ஒண்ணும் கிடைக்காதவன்?"

"அவனை யாரு தம்பி கணக்குல வச்சிருக்கா?"

இந்தப் பதிலில் இருந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. ஒரு சாக்குச் சிப்பி வாங்கினேன். வாங்கும்போதே மனசுக்குள் ஒரு நியாயமும் தயாராகிவிட்டது. தங்கச்சிக்குக் கல்யாணம் பேசுகிறோம், ஒரு ஜோடி முத்துத் தோடு போட்டு அனுப்பினால் எவ்வளவு அழகாக இருக்கும்! இப்படி நினைத்ததும் எனக்கே என்மேல் மரியாதை வந்தது. தங்கைக்காகச் சாக்கு சுமக்கிற அண்ணன் என்று கண்கூடக் கொஞ்சம் கலங்கியது. சாக்கிலிருந்து கடல்தண்ணீர் சொட்டி வேட்டி முழுக்க நனைந்ததையும் பாசமாகவே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். அப்பா இல்லை. அம்மா, நான், தங்கச்சி. வீடு மேற்கே பார்த்த வீடு. பின்னால் கிணறு, ஒரு முருங்கை மரம், அதன் அடியில் கழனித் தொட்டி. மாட்டை விற்ற பிறகு அந்தக் கல்தொட்டி சும்மாதான் கிடந்தது. நாலு பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியாத தொட்டி. அதில் சிப்பியைக் கொட்டி, ஓலைப் பாயைப் போட்டு மூடினேன்.

அம்மா மூக்குப்பொடி போடுகிறவள். மூக்கு எப்போதும் அடைத்தே இருக்கும். மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் அவளுக்கு ஒன்றுதான். அவளிடம், "முருங்கைக்கு உரம் போட்டிருக்கேம்மா" என்று சொன்னேன். "நல்லதுதாம்ல" என்றாள். தங்கச்சியிடம் அந்தப் பருப்பு வேகவில்லை. மறுநாளே ஓலைப் பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அண்ணே, இதைக் கொண்டுபோய்க் கடல்லயே போட்டுட்டு வா."

"ஏளா, உனக்காகத்தான் வாங்கினேன். முத்துத் தோடு."

"எனக்குத் தோடு வேண்டாம். அவங்க வர்ற அன்னைக்கு வீடு நாறாம இருந்தாப் போதும்."

அவங்க என்று அவள் சொன்னது சாத்தான்குளத்துக்காரர்களை. பையன் பள்ளிக்கூட வாத்தியார். கயத்தாற்றில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் தங்கச்சி அவரைப் பார்த்திருக்கிறாள். பந்தியில் இவள் ரசம் ஊற்றப் போக, அவர் இலையைப் பார்க்காமல் இவளைப் பார்த்திருக்கிறார். ரசம் இலையைத் தாண்டி ஓடி அவர் மடியில் ஏறியிருக்கிறது. அவர் 'ஐயோ' என்றுகூடச் சொல்லவில்லையாம். அதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துப் போனவர்களெல்லாம் ஊருக்குப் போய்க் காயிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டு, எழுத மறந்தவர்கள். தங்கச்சியும் அதற்கெல்லாம் முகம் வாடியதில்லை. ஆனால் சாத்தான்குளத்துப் பேச்சு வந்த பிறகு எங்கள் வாசல் கோலம் ஒரு சுற்று பெரிதாகியிருந்தது. வாய்விட்டு எதுவும் சொல்லாத பெண் கோலத்தில் சொல்லிவிட்டாள். எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பையனின் அம்மா கறாரான பொம்பளை என்று தரகர் முதலிலேயே சொல்லியிருந்தார். மாதாமாதம் பௌர்ணமிக்கு விரதம் இருக்கிறவர். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, நிலா உதித்ததும் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வாயில் அன்னம் வைப்பார். அதிலும் சித்திரைப் பௌர்ணமி என்றால் உப்பில்லாத சாப்பாடு. அவர் சொல்லி அனுப்பியது இது: "சித்திரைப் பௌர்ணமி அன்னைக்கு வாரோம். பொண்ணைப் பாத்து, வீட்டைப் பாத்து, மனசுக்குப் பிடிச்சா விரதத்தை உங்க வீட்டுலயே முடிச்சுக்கிடுதேன். கை நனைச்சுட்டேன்னா சம்மதம்னு வச்சுக்கிடுங்க."

எங்கள் பக்கத்தில் சம்மதம் இல்லாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். ஆக, அந்த அம்மாள் எங்கள் வீட்டில் ஒரு வாய் சோறு சாப்பிட்டால் தங்கச்சிக்குக் கல்யாணம். சாப்பிடாவிட்டால் இல்லை. அவ்வளவு சுலபமான கணக்கு. உப்பு விளைகிற ஊரில் உப்பில்லாமல் சமைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் சிரமம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சம்பந்தம் நல்லபடியாக முடியட்டும் என்று நானும் விரதம் இருக்கப்போவதாக அறிவித்தேன். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். அம்மா பொடி டப்பாவைக் கீழே வைத்தாள்.

"ஏலே மூதி, சித்திரைப் பௌர்ணமிக்கு எவம்ல விரதம் இருப்பான்? ஆத்தாளைப் பறிகொடுத்தவன்லா இருப்பான்! நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என்னைக் கொண்டுபோய்ச் சுடுகாட்டுல வச்சுட்டு வந்து விரதம் இரு."

"நான் கல்யாணத்துக்காக இருக்கேம்மா."

"இன்னா, கேளுட்டி இவன் சொல்லுததை! தங்கச்சி கல்யாணத்துக்கு அம்மா தெவசமாம்!"

எங்கள் ஊர் வழக்கம் அதுதான். தாய் இல்லாதவர்கள் இருக்கிற விரதம். எனக்கு அது தெரியாமல் இல்லை, சொல்வதற்கு முன்னால் ஞாபகம் வரவில்லை. சொன்ன வார்த்தையை வாபஸ் வாங்குகிற பழக்கம் இல்லாததால் விரதத்தைப் பிடித்துக்கொண்டேன்.

இதற்கிடையில் தொட்டி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் வெறும் கடல் வாசனை. பிறகு கருவாட்டு வாசனை. அதுவரைக்கும் மனிதன் தாங்குவான், இந்த ஊரில் பிறந்தவனுக்குக் கருவாடு எல்லாம் ஒரு வாசனையா? அதற்குப் பிறகு வந்ததற்குத் தமிழில் பெயர் இல்லை. செத்த எலி, நாள்பட்ட முட்டை, மழைக்காலத்துச் சாக்கடை எல்லாவற்றையும் ஒரே செம்பில் ஊற்றிக் கலக்கி, அதில் கொஞ்சம் இனிப்பும் சேர்த்தமாதிரி. அந்த இனிப்பைத்தான் தாங்க முடியவில்லை. ஈக்கள் நீலமும் பச்சையுமாக, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி வந்து இறங்கின. பாயைத் தட்டினால் தொட்டியே எழுந்து பறப்பதுபோல இருக்கும்.

பௌர்ணமிக்கு முன் அலசிவிடுகிறேன் என்று தங்கச்சிக்குச் சத்தியம் செய்திருந்தேன். குளியாளியிடம் போய்க் கேட்டேன்.

"சதை கரைஞ்சிட்டா?"

"பாதி கரைஞ்சிருக்கு அண்ணாச்சி. புழு நெளியுது."

"அப்ப கையை வைக்காத. புழு தின்னு முடிக்கட்டும். இப்ப அலசினேன்னு வையி, முத்து சதையோட ஒட்டிக்கிட்டுப் போயிரும். பொறு தம்பி."

புழு சாப்பிட்டு முடிப்பதற்காகப் பொறுத்தேன். தங்கச்சியிடம், "நாளைக்கு, நாளைக்கு" என்று சொல்லிக்கொண்டே பௌர்ணமி வந்துவிட்டது.

அன்று காலையில் எழுந்ததும் முதல் காரியமாக மோந்து பார்த்தேன். வீட்டுக்குள் ஒன்றும் இல்லை. விடியற்காலைக் காற்று மேற்கிலிருந்து கடலைப் பார்த்து வீசும். வாசல் வழியாக வந்து புறவாசல் வழியாகப் போய், நாற்றத்தையெல்லாம் கொண்டுபோய்க் கடலில் கொட்டியது. "பாத்தியா, ஒண்ணும் தெரியல" என்றேன். தங்கச்சி வாழைக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தாள். உப்பில்லாத கூட்டு, உப்பில்லாத பொரியல், சர்க்கரைப் பொங்கல். வீடு முழுக்க ஏலக்காய் மணம். வயிற்றில் ஒன்றும் இல்லாதவனுக்கு அந்த மணம் எப்படி இருந்திருக்கும்! விரதத்தை அறிவித்த வாயை நானே நாலு முறை திட்டினேன்.

கப்பல் வருகிற போகிற ஊரில், கப்பல் ஆபீசில் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மத்தியானத்தில் காற்று திரும்பும். தினமும் திரும்பும். கடலிலிருந்து ஊருக்குள் வீசும். அன்றைக்கும் தன் கடமையில் தவறாமல் திரும்பியது. புறவாசல் கதவைத் தானே திறந்துகொண்டு அடுப்படி, நடை, முன்னறை என்று வரிசையாகப் பார்வையிட்டது நாற்றம். ஏலக்காய் போன இடம் தெரியவில்லை. சர்க்கரைப் பொங்கலைப் பார்த்தேன். முந்திரிப் பருப்பு ஒன்று மேலே வெள்ளையாக வளைந்து கிடந்தது. அதற்குப் பிறகு பசி வரவில்லை. என் ஆயுசில் பசி தெரியாமல் விரதம் இருந்தது அன்றைக்கு ஒரு பொழுதுதான்.

"இப்பவாவது ஏதாவது செய்யி" என்றாள் தங்கச்சி. பட்டுச்சேலை கட்டியிருந்தாள். முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டிருந்ததால் கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண்ணைப் பார்க்காமல் புறவாசலுக்குப் போனேன்.

அலசி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பாயை எடுத்தேன். ஈக்கள் முகத்தில் அறைந்தன. உள்ளே சிப்பி தெரியவில்லை. கறுப்பாகக் குழம்பு, அதன்மேல் வெந்த அரிசிபோலப் புழுக்கள். அரிசியாவது சும்மா கிடக்கும். குளியாளி சொல்லித் தந்தபடி கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினேன். ஊற்றினால் புழு மிதக்கும், மிதப்பதை வழித்து எறிய வேண்டும் என்று சொல்லியிருந்தார். மிதந்தது. வழிப்பதற்குக் கையைக் கொண்டுபோனேன், கை போகவில்லை. என் கைதான், நான் சொன்னால் கேட்கிற கைதான், தொட்டிக்கு மேலே ஒரு முழத்தில் நின்றுகொண்டு மாட்டேன் என்றது. முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தேன். காலையிலிருந்து வெறும் வயிறு. வருவதற்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமல் வாந்தி எடுப்பதைப்போலக் கேவலம் கிடையாது. கடன்காரனுக்குக் கொடுக்க இல்லாத காசைத் தேடுவதுபோல வயிறு உள்ளேயெல்லாம் துழாவுகிறது.

தண்ணீர் ஊற்றிக் கலக்கியதில் நாற்றம் இரண்டு மடங்கானதுதான் மிச்சம். பாயைப் போட்டு மூடி, நனைந்த சாக்கை அதன்மேல் விரித்தேன். புறவாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். வீட்டுக்குள் சாம்பிராணியை அள்ளி அள்ளிப் போட்டேன். இப்போது நாற்றத்துக்குப் பக்தியும் சேர்ந்துகொண்டது. ஏதோ கோயிலில் சாமியே செத்துக் கிடப்பதுபோல இருந்தது. அம்மா மட்டும் புகையில் இருமிக்கொண்டே, "வீடு என்னமா கமகமன்னு இருக்கு!" என்றாள்.

அவர்கள் வந்தார்கள். பையனின் அம்மா, அவர் தம்பி, பையன் என்று மூன்று பேர். சாத்தான்குளத்திலிருந்து அந்த வெயிலில் பஸ் ஏறி, தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தார் அந்த அம்மாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. வாசற்படியில் கால் வைத்தவர் ஒரு நிமிஷம் நின்றார். மூக்கு இரண்டு பக்கமும் லேசாக விரிந்தது. அப்புறம் முகத்தைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் தொட்டியைவிட அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அம்மாவைத் தவிர எல்லாருக்கும் நாறியது. யாரும் சொல்லவில்லை. பையனின் மாமா கர்ச்சீப்பால் முகத்து வியர்வையைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். மூக்கின் மேல் வந்ததும் துடைப்பது நின்றுவிடும். பையன் வாயால் மூச்சு விட்டார். நான் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். வாயைத் திறந்தால் நாக்கில் வந்து உட்காருகிற நாற்றத்தில் ஆளுக்கு ஆள் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் மாமாதான் மெதுவாக ஆரம்பித்தார். "கடக்கரை பக்கமோ? காத்துல ஒரு மாதிரி..."

"ஆமா ஆமா, துறைமுகத்துல கருவாட்டுத் தோணி வந்திருக்கு. எப்பவாவதுதான்" என்றேன்.

"கருவாடா?" என்றார் அந்த அம்மாள். "கருவாடு இப்பிடி இருக்காதே தம்பி. எங்க ஊருச் சந்தையிலயும் கருவாடு விக்கான்."

"இது சிலோன் கருவாடு அத்தே."

பையன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்கினாரா, வாந்தியை அடக்கினாரா தெரியவில்லை. தங்கச்சி வந்து நமஸ்காரம் செய்தாள். அந்த அம்மாள் அவளைத் தோளைப் பிடித்து எழுப்பி, பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். என்ன படித்தாய், என்ன சமைத்தாய் என்று கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னாள். அந்த அம்மாள் தன் தம்பியைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். பிடித்துவிட்டது! நாற்றத்தையும் மீறிப் பிடித்துவிட்டது! இலையைப் போட்டுச் சோற்றைப் பரிமாறினால் முடிந்தது. எனக்கு அந்தப் புகையிலும் நெஞ்சு குளிர்ந்தது.

"பொழுது சாஞ்சிட்டு" என்று அந்த அம்மாள் எழுந்தார். "நிலா உதிச்சிருக்கும். பாத்துக் கும்பிட்டுட்டு வந்திருதேன். அப்புறம் இலையைப் போடுங்க மயினி. ஏம்மா, நிலா எங்கன நின்னு பாக்கணும்?"

பௌர்ணமி நிலா கிழக்கே உதிக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். விரதம் முடிப்பதற்கு நிலா பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நிலா கிழக்கே வரும் என்றும் தெரியும். எங்கள் வீட்டுக்குக் கிழக்கே புறவாசல் இருக்கிறது என்பதும் தெரியும். இந்த மூன்றையும் சேர்த்து வைத்து நான் அதுவரை ஒருதடவைகூட யோசிக்கவில்லை.

"தெருவுல நின்னு பாக்கலாம் அத்தே" என்றேன்.

"தெரு மேக்கல்லா தம்பி பாத்திருக்கு?"

"கொஞ்ச நேரம் பொறுத்தா மேல வந்திரும்..."

"காலையிலேருந்து பொறுத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே, கற்பூரத் தட்டோடு நடையைத் தாண்டிப்போய்ப் புறவாசல் தாழைத் தானே நீக்கினார்.

நான் அவருக்கு முன்னால் ஓடினேன். வேறு எதுவும் தோன்றாததால் தொட்டிக்கும் அவருக்கும் நடுவில் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், ஏதோ மரியாதைக்கு நிற்பதுபோல. நிலா பின்வீட்டு ஓட்டுக்கூரைக்கு மேலே பெரிதாகச் சிவந்து வந்துகொண்டிருந்தது. இன்றுவரை அந்த நிலாவை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த அம்மாள் முந்தானையால் மூக்கை இறுக்கிக்கொண்டு, மற்றக் கையால் தீபம் காட்டினார். கும்பிட இரண்டு கையும் வேண்டுமே. தட்டைப் பின்னாலேயே வந்திருந்த தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு, முந்தானையை விட்டார். கண்ணை மூடிக்கொண்டு, நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தார். சுற்றும்போது ஒரு எட்டு என் பக்கம் வந்தார். அவருக்கு இடம் விட நான் ஒரு எட்டுப் பின்னால் வைத்தேன்.

பின்னால் தொட்டி. முழங்காலின் பின்பக்கம் விளிம்பில் தட்டியது. உட்கார்ந்தேன். சாக்கு என்னைத் தாங்கவில்லை, ஓலைப் பாயும் தாங்கவில்லை. தொப்பென்று அந்தக் குழம்புக்குள் இடுப்புவரை இறங்கினேன்.

முதலில் வெதுவெதுப்பு. அதுதான் இன்னும் மறக்கவில்லை. பகல் முழுக்க வெயில் குடித்த வெதுவெதுப்பு. அப்புறம் வேட்டிக்குள் அங்கங்கே சிறிதாக ஏதோ அசைந்தது. சிப்பி ஓடுகள் தொடையைக் கிழித்தன, அந்த வலி பெரிதாகத் தெரியவில்லை. நான் இறங்கிய வேகத்தில் எழும்பிய கறுப்புத் தண்ணீர் அந்த அம்மாளின் சேலையில், கும்பிட்ட கையில், கற்பூரத் தட்டில் எல்லாம் தெறித்தது. தீபம் 'சுர்' என்று அணைந்தது.

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவருக்கும் வெறும் வயிறு. அந்தச் சத்தத்தை நான் மத்தியானம் என்னிடத்திலேயே கேட்டிருந்தேன்.

"நாளெல்லாம் பட்டினி கிடந்த மனுசிக்கு வச்சிருக்கான் பாரு விருந்து! சைவ வீடாம்ல, சைவ வீடு!" என்று, பையனோடு ஓடிவந்த மாமா கத்தினார். அம்மா மட்டும் நடையில் நின்றுகொண்டு, "என்னல ஆச்சு? உரத்துக்குள்ள எதுக்குல போய் உக்காந்திருக்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தங்கச்சிதான் அழவும் இல்லை, ஓடவும் இல்லை. கிணற்றில் தண்ணீர் இறைத்துச் செம்பில் எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மாளிடம் நீட்டினாள். "அத்தே, முகத்தைக் கழுவி வாயைக் கொப்புளிச்சுக்கிடுங்க."

அந்த அம்மாள் செம்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். உண்மையிலேயே இரக்கமாகத்தான் பார்த்தார்.

"உம்மேல ஒரு குத்தமும் இல்லம்மா. ஆனா இந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

வாய் கொப்புளிக்கக்கூட மாட்டேன் என்றார். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, காய்ந்த உதட்டோடு அப்படியே வாசலுக்கு நடந்தார். தம்பி பின்னால் போனார். பையன் கொஞ்சம் நின்றார். தங்கச்சி கையில் இருந்த செம்பைப் பார்த்தபடி நின்றார். வாங்கிவிடட்டும் என்று நான் தொட்டிக்குள் இருந்தபடியே வேண்டிக்கொண்டேன். "வாரேன்" என்றார். அவளிடம்தான் சொன்னார். போனார். வாத்தியார் ரசத்துக்கு அசையவில்லை, இதற்கு அசைந்துவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு செம்புத் தண்ணீர்தானே என்று எனக்கு இன்றைக்கும் அவர்மேல் ஒரு குமட்டல் உண்டு.

தரகர் மறுபடி எங்கள் தெருப் பக்கம் வரவில்லை. சித்திரைப் பௌர்ணமி அன்று பட்டினி கிடந்தவரை வெறும் வயிற்றோடு திருப்பி அனுப்பிய வீடு என்று பேர் பரவ, அதற்கு யாரும் தோணி ஏற வேண்டியதில்லை. பஸ் போதும்.

அடுத்த சில நாட்களில் அந்தத் தொட்டியை அலசினேன். இடுப்புவரை போய் வந்தவனுக்கு இனிமேல் கையில் என்ன வெட்கம்? வழித்தேன், ஊற்றினேன், மறுபடி வழித்தேன். அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் வாழ்க்கையில் முதல்தடவையாக மூக்கைச் சிந்திவிட்டு மோந்து பார்த்தாள், பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கடைசியாகத் தொட்டியின் அடியில் தங்கிய மண்ணைத் துணியில் வடிகட்டினால், கடுகைவிடச் சின்னதாக, மங்கலாக, கோணலாகக் கொஞ்சம் முத்து. நகைக்கடையில் காட்டியதில், இதை மருந்துக்கு அரைக்கக் கொடுப்பார்கள் என்று சொல்லி, கையைத் துடைத்துக்கொண்டார்கள்.

அதைத் துணியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தங்கச்சி அடுப்படியில் இருந்தாள். அன்றைக்கு வாசலில் கோலமே போடவில்லை என்பதை வரும்போது பார்த்திருந்தேன். முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "என்ன இருந்தாலும் இதெல்லாம் உனக்காகச் செஞ்சதுதாம்மா" என்றேன்.

அவள் என் கையைப் பார்க்கவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்:

"அண்ணே, நீ சும்மா இருந்திருந்தாலே எனக்குக் கல்யாணம் ஆயிருக்கும்."